முழங்கால் வலியோடு ரோம் பார்ப்பது எப்படி

போன நவம்பரில் அம்மாவை ரோமுக்குக் கூட்டிப்போனேன். அம்மாவுக்கு 68 வயது. இரண்டு முழங்காலும் தேய்ந்திருக்கிறது, வலதுகால் கொஞ்சம் அதிகம். சமதரையில் இருபது நிமிடம் நடப்பார், அப்புறம் பத்து நிமிடமாவது உட்கார வேண்டும். படி ஏறிவிடுவார், இறங்கும்போதுதான் கைப்பிடியைத் தேடுவார். இந்தக் கணக்கை வைத்துக்கொண்டுதான் ஏழு நாள் அந்த ஊரைச் சுற்றினோம்.

கிளம்புவதற்கு முன் நான் படித்த குறிப்புகள் எல்லாம் காலையிலிருந்து ராத்திரி வரை நிற்காமல் நடக்கிறவர்களுக்காக எழுதியவை. மூன்று நாளில் முப்பது இடம் என்று பட்டியல் இருந்தது. எங்கே உட்காரலாம், எந்தப் பக்கமாகப் போனால் படி குறைவு, எதை விட்டுவிட்டால் பெரிய நஷ்டமில்லை என்று ஒருவரும் சொல்லவில்லை. அதைத்தான் இங்கே எழுதுகிறேன். வயதானவர்களைக் கூட்டிப்போகிறவர்களுக்கும், வலி இருப்பதாலேயே பயணம் வேண்டாம் என்று ஒதுங்குகிறவர்களுக்கும் இது உதவ வேண்டும்.

முதலில் அறை

ரோம் ஏழு குன்றுகளின் ஊர். ஆனால் டைபர் ஆறு வளைந்து போகும் மடிப்புக்குள் ஒரு பகுதி இருக்கிறது, அது முழுக்கச் சமதரை. இப்போது சர்ச்சாக இருக்கும் பழைய ரோமானியக் கோயிலான பாந்தியன், பியாட்சா நவோனா, காம்போ தே ஃபியோரி என்ற சதுக்கங்கள் எல்லாம் அதற்குள்தான். அறையை அங்கேயே எடுங்கள். தெர்மினி ரயில் நிலையத்தைச் சுற்றி வாடகை குறைவுதான், ஆனால் தினமும் பஸ் பிடித்து வர வேண்டும், மதியம் அறைக்குத் திரும்பிக் காலை நீட்ட முடியாது. எங்கள் பயணம் நல்லபடியாக நடந்ததற்கு முதல் காரணம் அந்த மதியத் தூக்கம்தான் என்று நினைக்கிறேன். வேறு எதில் சிக்கனம் பிடித்தாலும் இதில் பிடிக்காதீர்கள்.

அறை எடுக்கும்போது லிஃப்ட் இருக்கிறதா என்று மட்டும் கேட்டால் போதாது. தெருவிலிருந்து லிஃப்ட் கதவு வரை எத்தனை படி என்று கேளுங்கள். அந்தக் கட்டடங்களெல்லாம் லிஃப்ட் என்ற ஒன்று வருவதற்கு முன்பே கட்டியவை. பிற்பாடு எங்கே இடம் கிடைத்ததோ அங்கே பொருத்தியிருப்பார்கள். அதை எட்டவே அரை மாடி ஏற வேண்டியிருக்கலாம். நான் கேட்டபோது ஒருவர் ஏழு என்றார், இன்னொருவர் பதினெட்டு என்றார். ஏழு படிக்காரரிடம் எடுத்தோம். இன்னொன்று: நம்மூர் போலவே அங்கேயும் முதல் மாடி என்றால் தரைத்தளத்துக்கு மேல் உள்ளது. அறை வாடகைக்கு வெளியே, ஓராளுக்கு ஓர் இரவுக்கு இவ்வளவு என்று நகர வரியும் கேட்பார்கள். அது எல்லோரும் கட்டுவதுதான், பயப்பட வேண்டாம்.

விமானத்தில் சக்கர நாற்காலி வேண்டுமென்றால் புறப்படுவதற்கு 48 மணி நேரம் முன்பே சொல்லிவிடுங்கள். ஐரோப்பிய விமான நிலையங்களில் அந்த உதவிக்குக் காசு கிடையாது, அது பயணியின் உரிமை. அம்மா முதலில் வேண்டவே வேண்டாம் என்றார். "நான் என்ன நோயாளியாடி?" என்று கேட்டார். ரோமின் ஃபியுமிச்சீனோ விமான நிலையத்தில் இறங்கிக் குடியேற்ற வரிசையைப் பார்த்த பிறகு ஒன்றும் பேசவில்லை.

அங்கிருந்து ஊருக்குள் வர லியோனார்டோ எக்ஸ்பிரஸ் ரயில் உண்டு. 32 நிமிடம், ஓராளுக்கு 14 யூரோ. நல்ல ரயில்தான், ஆனால் தெர்மினியில் அது நிற்கும் நடைமேடை ஓர் ஓரத்தில், வாசலுக்கு வர நெடுநேரம் நடக்க வேண்டும். வெள்ளை நிற டாக்சிக்கு நகரின் பழைய மதிலுக்குள் எங்கே போனாலும் நிர்ணயித்த கட்டணம், 55 யூரோ. அது வண்டிக்குத்தான், ஆளுக்கு அல்ல, பெட்டிக்கும் தனியாக இல்லை. ஏறுவதற்கு முன் ஒருமுறை தொகையைச் சொல்லி உறுதி செய்துகொள்ளுங்கள். உள்ளேயே வந்து "டாக்சி, டாக்சி" என்று அழைப்பவர் பின்னால் போகாமல் வெளியே வரிசையில் நின்று ஏறுங்கள். எந்த வாசலில் இறங்க வேண்டுமோ அந்த வாசலிலேயே இறங்கினோம். முதல் நாள் மிச்சம் பிடித்த முழங்கால்தான் ஏழு நாளும் உழைத்தது.

கல்லும் தண்ணீரும்

ரோமின் தெருக்களில் பாவியிருப்பது சாம்பியத்ரீனி என்ற கருங்கல். எரிமலைப் பாறையைச் சின்னச் சின்னக் கட்டியாக வெட்டிப் பதித்திருக்கிறார்கள். பார்க்க அழகு, நடக்கச் சிரமம். ஒவ்வொரு கல்லும் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும், கணுக்கால் ஓயாமல் சரிசெய்துகொண்டே இருக்கும். அதனால் ஒரு கிலோமீட்டர் நடந்தால் ஒன்றரை நடந்த அலுப்பு. மழை பெய்தால் வழுக்கும்.

அடி தடித்த, கணுக்காலைப் பிடித்துக்கொள்ளும் ஷூ வேண்டும், அதுவும் ஒரு மாதமாவது போட்டுப் பழகியதாக. அம்மா அதுவரை ஷூ போட்டதே இல்லை. மூன்று மாதம் முன்பே வாங்கிக் கொடுத்து, தினம் மாலை அதோடு நடக்க வைத்தேன். கைத்தடி பயன்படுத்துகிறவர்கள் நுனி ரப்பரை அகலமானதாக மாற்றிக்கொள்ளுங்கள். ஒல்லியான நுனி கல்லிடுக்கில் மாட்டிக்கொள்ளும். தெருவோரத்தில் பெரிய பலகைக்கல் பதித்த பட்டை இருந்தால் அதன்மேல் நடங்கள்.

அந்தத் தெருக்களின் புண்ணியம் தண்ணீர். நசோனி என்ற இரும்புக் குழாய்கள் ஊரெங்கும் இருக்கின்றன, சுமார் 2,500. 1874-இல் வைக்கத் தொடங்கினார்கள். வளைந்த மூக்கு போல நீண்டிருப்பதால் அந்தப் பெயர், பெரிய மூக்கு என்று பொருள். இரவும் பகலும் சில்லென்று ஓடிக்கொண்டே இருக்கும், நல்ல குடிதண்ணீர். மூக்கின் மேல்பக்கம் ஒரு சின்னத் துளை இருக்கும். குழாய் வாயை விரலால் அடைத்தால் தண்ணீர் அந்தத் துளை வழியே மேலே வளைந்து வரும், குனியாமல் குடிக்கலாம். குனிய முடியாதவர்களுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு நான் எங்கும் பார்த்ததில்லை. ஒரு கிழவர் செய்து காட்ட, அம்மா உடனே கற்றுக்கொண்டார். அதன் பிறகு தாகம் இல்லாவிட்டாலும் ஒவ்வொரு குழாயிலும் நின்றார்.

உட்காரும் இடம்: சர்ச்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதானால் இதை வைத்துக்கொள்ளுங்கள். ரோமின் மையத்தில் தெரு பெஞ்சுகள் குறைவு. நீரூற்றுகளின் விளிம்பில் உட்கார்ந்தால் காவலர் எழுப்புவார். ஸ்பானியப் படிக்கட்டில் 2019 முதல் உட்காரவே கூடாது, அபராதம். காபிக் கடையில் நாற்காலி உண்டு, ஆனால் அதற்கு விலை உண்டு. காசில்லாமல், குளிரில்லாமல், அவசரமில்லாமல் உட்கார ரோமில் ஓரிடம் என்றால் சர்ச்தான். இருநூறு அடிக்கு ஒன்று இருக்கிறது. மர பெஞ்சு, அரையிருட்டு, அமைதி. அப்படி உட்கார்ந்து நிமிர்ந்தால் எதிரே மைக்கேலாஞ்சலோவின் சிற்பமோ கராவாஜ்ஜோவின் ஓவியமோ இருக்கும்.

முதல் நாள் நான் சர்ச்சுகளைப் பார்க்கும் இடங்களாகப் பட்டியலில் எழுதி வைத்திருந்தேன். இரண்டாம் நாளே பட்டியலைத் திருப்பிப்போட்டேன். எங்கே உட்காருவோம் என்பதை முதலில் குறித்தேன், இடையில் என்ன வருகிறதோ அதைப் பார்த்தோம். அப்படி அமைந்த ஒரு காலைப்பொழுதைச் சொல்கிறேன். அப்படியே நடந்து பார்க்கலாம், எல்லாம் அரைக் கிலோமீட்டர் வட்டத்துக்குள்தான்.

பாந்தியனில் திறந்தவுடன் நுழையுங்கள். 2023 ஜூலை முதல் கட்டணம் உண்டு. வாசலில் படி கிடையாது, உள்ளே பெஞ்சு உண்டு. பேரரசர் ஹாட்ரியன் காலத்தில், ஏறத்தாழ கி.பி. 126-இல் கட்டி முடித்தது. குவிமாடத்தின் அகலம் 43.3 மீட்டர், தரையிலிருந்து உச்சி வரை உயரமும் அதே 43.3. கம்பி போடாத கான்கிரீட் குவிமாடங்களில் இன்றைக்கும் உலகிலேயே பெரியது இதுதான். கீழே கனமான கல்லும் மேலே போகப்போக லேசான நுரைக்கல்லும் கலந்து ஊற்றியிருக்கிறார்கள், அதனால்தான் நிற்கிறது. உச்சியில் ஏறத்தாழ 9 மீட்டர் அகலத்துக்குத் திறந்த வட்டம். கண்ணாடியும் கிடையாது, மூடியும் கிடையாது. நாங்கள் போன நாள் தூறிக்கொண்டிருந்தது. மழை நேராக உள்ளே ஒரு வெள்ளைத் தூணாக இறங்கியது. தரை நடுவில் லேசாக மேடு, துளைகள் வழியே தண்ணீர் வடிந்துவிடுகிறது. அந்த இடத்தைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தார்கள். அம்மா பெஞ்சில் உட்கார்ந்து அரை மணி நேரம் மழையைப் பார்த்தார். மழை நாள் என்றால் மற்றவர்கள் ஒதுங்க இடம் தேடுவார்கள், நீங்கள் பாந்தியனுக்குப் போங்கள்.

அதன் பின்பக்கம் ஒரு நிமிட நடையில் சாந்தா மரியா சோப்ரா மினெர்வா என்ற சர்ச். வாசலில் எகிப்தியத் தூணைச் சுமக்கும் யானை நிற்கும், சிற்பி பெர்னினி வடிவமைத்தது, 1667. உள்ளே நீல மேற்கூரையில் தங்க நட்சத்திரங்கள். பீடத்துக்கு இடப்பக்கம் மைக்கேலாஞ்சலோவின் கிறிஸ்து சிலை.

அங்கிருந்து திரும்பி வந்தால் சான் லூயிஜி தெய் ஃபிரான்சேசி. இடப்பக்கக் கடைசி அறையில் கராவாஜ்ஜோவின் மூன்று ஓவியங்கள், புனித மத்தேயுவைப் பற்றியவை. இருட்டாக இருக்கும். ஒரு பெட்டியில் காசு போட்டால் விளக்கு எரியும், கொஞ்ச நேரத்தில் அணைந்துவிடும். ஐம்பது சென்ட், ஒரு யூரோ நாணயங்களைத் தனிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். அருங்காட்சியகமாக இருந்தால் இதற்கு எவ்வளவு கொடுத்திருப்போம் என்று நினைத்தால் நாணயம் போட மனம் தயங்காது.

அதற்கடுத்தது சாந்த் அகொஸ்தீனோ. முன்னால் படிக்கட்டு இருக்கிறது, அதைச் சொல்லிவிடுகிறேன். மெதுவாக, ஓரமாக ஏறினோம். இங்கே நுழைந்தவுடன் இடப்பக்கம் கராவாஜ்ஜோவின் இன்னொரு ஓவியம். வாசற்படியில் குழந்தையோடு மேரி நிற்கிறார். கீழே ஒரு கிழவியும் ஒரு ஆணும் மண்டியிட்டுக் கும்பிடுகிறார்கள், நடந்தே வந்த யாத்ரீகர்கள். அந்த ஆணின் அழுக்குப் பாதம் நம் கண்ணுக்கு நேராக இருக்கிறது. நான் ஒன்றும் விளக்கவில்லை. அம்மா வெகுநேரம் பார்த்துவிட்டு, "இந்தம்மாவுக்கும் முட்டி வலிச்சிருக்கும், பாவம்" என்றார். அதன் பிறகு அந்தப் பயணம் அவருடையது ஆகிவிட்டது. எங்கே போகலாம் என்று அவரே கேட்க ஆரம்பித்தார்.

முடித்து வெளியே வந்தால் எதிர்ப்பக்கம் பியாட்சா நவோனா. இங்கே கல் பெஞ்சுகள் உண்டு, வண்டிகள் வராது. நடுவில் பெர்னினியின் நான்கு நதிகள் நீரூற்று, 1651-இல் முடிந்தது. நைல், டான்யூப், ரியோ தெ லா பிளாட்டா, நான்காவதாக நம் கங்கை. தாடி வைத்த ஆணாக, கையில் நீளத் துடுப்போடு உட்கார்ந்திருக்கிறது. "கங்கை எப்படிடி ஆம்பளையானாள்?" என்று அம்மா கேட்டார். அங்கே நதிகளை ஆணாகச் செதுக்குவதுதான் பழைய வழக்கம், டைபரும் அப்படித்தான் என்றேன். ஏற்றுக்கொள்ளவில்லை. ஆனாலும் நீரூற்றைச் சுற்றி இரண்டு தரம் நடந்தார், வலியோடு.

சர்ச்சுக்குச் சில நடைமுறைகள். தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும், ஒரு துப்பட்டா கையில் இருந்தால் எதற்கும் ஆகும். பூசை நடந்தால் சுற்றிப் பார்க்காதீர்கள், பின் வரிசையில் அமைதியாக உட்கார்ந்தால் யாரும் ஒன்றும் சொல்வதில்லை. பல சர்ச்சுகளை மதியம் சாத்திவிடுவார்கள், பன்னிரண்டரைக்கு மூடினால் மூன்று, நான்கு மணிக்குத்தான் திறப்பார்கள். காலையில் சீக்கிரம் கிளம்புவதற்கு அதுவே காரணம்.

ஜானிக்கோலோ குன்றின் மேலிருந்து தினமும் சரியாகப் பன்னிரண்டு மணிக்கு ஒரு பீரங்கி வெடிப்பார்கள். ஊரில் உள்ள சர்ச் மணிகள் ஆளுக்கொரு நேரம் காட்டாமல் இருக்க 1847-இல் போப் ஒன்பதாம் பயஸ் தொடங்கிய வழக்கம், 1904 முதல் அந்தக் குன்றில். காற்று இந்தப் பக்கம் வீசினால் ஊருக்குள்ளும் மெலிதாகக் கேட்கும். எங்களுக்கு அதுதான் அன்றைய நடை முடிந்ததற்கான அறிவிப்பு. சாப்பாடு, அறை, தூக்கம். மறுபடி மூன்றரைக்குக் கிளம்பினால் போதும்.

பெரிய இடங்களில் எது, எப்படி

கொலோசியம் பார்க்கத்தான் வேண்டும். டிக்கெட்டை அதிகாரபூர்வ தளத்தில் முன்கூட்டியே, நேரம் குறித்து வாங்குங்கள். 18 யூரோவுக்கு, பக்கத்தில் உள்ள ஃபோரமும் (பழைய ரோமின் பொதுச்சதுக்க இடிபாடுகள்) பாலட்டைன் குன்றும் சேர்ந்து வரும். டிக்கெட்டில் பெயர் இருக்கும், பாஸ்போர்ட் கையில் வேண்டும். உள்ளே மேல்தளத்துக்குப் போக லிஃப்ட் உண்டு. ஆனால் தானாகக் கண்ணில் படாது. நுழையும்போதே பணியாளரிடம் முழங்காலைத் தொட்டுக் காட்டிக் கேளுங்கள். நாங்கள் அப்படித்தான் கேட்டோம், ஒரு பெண் கூடவே வந்து காட்டினார்.

ஃபோரத்துக்குள் நாங்கள் போகவில்லை. அதைச் சொல்லத் தயக்கமில்லை. அங்கே தரை முழுக்கப் பழங்காலப் பெருங்கற்கள், கல்லுக்கும் கல்லுக்கும் பாதம் நுழையும் இடைவெளி, நிழல் இல்லை, உட்கார இடமில்லை. அதற்குப் பதிலாகக் கம்பிதோலியோ குன்றின் பின்பக்கத் திண்ணையிலிருந்து பாருங்கள். மொத்த ஃபோரமும் காலடியில் விரிந்து கிடக்கும், கடைசியில் கொலோசியம் தெரியும், காசு கிடையாது. குன்றில் ஏற இரண்டு படிக்கட்டுகள் அருகருகே இருக்கின்றன. இடப்பக்கம் அராச்சேலி, செங்குத்தான 124 படிகள், அதன் பக்கம் போகாதீர்கள். வலப்பக்கம் மைக்கேலாஞ்சலோ வடிவமைத்த கொர்தோனாத்தா. சரிவு போல அகன்ற, தாழ்ந்த படிகள், குதிரையே ஏறும் அளவு மெதுவான ஏற்றம். நானூற்றுச் சொச்சம் வருடங்களுக்கு முன் வாழ்ந்த மனிதர் அம்மாவின் முழங்காலை நினைத்துக் கட்டியது போல இருந்தது. சாயங்காலம் வெயில் சாயும்போது போனோம். நவம்பரில் ஐந்து மணிவாக்கில் இருட்டத் தொடங்கிவிடும், அதைக் கணக்கில் வையுங்கள்.

வத்திக்கான் அருங்காட்சியகத்தில் கூச்சப்படாமல் சக்கர நாற்காலி கேளுங்கள். அடையாள அட்டை கொடுத்தால் இலவசமாகத் தருகிறார்கள். உள்ளே நடக்கும் தூரம் யாருக்குமே அதிகம். லிஃப்ட்டுகள் இருக்கின்றன, வழி காட்டுகிறார்கள். டிக்கெட்டை இணையத்தில் வாங்கிவிடுங்கள், மதிலோர வரிசையில் முழங்கால் வலிக்காரர் நிற்கவே கூடாது. ஞாயிறு விடுமுறை. மாதக் கடைசி ஞாயிறு மட்டும் இலவசம், ஆனால் அன்றைக்கு வரும் கூட்டத்துக்குப் பயந்தே போகாதீர்கள். சிஸ்டைன் சிற்றாலயத்தில் சுவரோரம் பெஞ்சு உண்டு. யாராவது எழும்வரை காத்திருந்து உட்காருங்கள், நின்றுகொண்டு மைக்கேலாஞ்சலோ தீட்டிய அந்தக் கூரை ஓவியங்களைப் பார்த்தால் கழுத்தும் காலும் சேர்ந்து வலிக்கும்.

புனித பேதுரு பேராலயம் காலை ஏழு மணிக்குத் திறக்கும். ஏழரைக்குள் போய்விட்டால் பாதுகாப்புச் சோதனை வரிசை சிறியது. புதன்கிழமை காலை திருத்தந்தை, அதாவது போப், மக்களைச் சந்திக்கும் நாள், அன்று வேண்டாம். உள்ளே நுழைந்ததும் வலப்பக்கம் முதல் அறையில் பியெத்தா, இறந்த கிறிஸ்துவை மடியில் ஏந்திய மேரியாக மைக்கேலாஞ்சலோ செதுக்கிய சிலை. குவிமாடத்துக்கு மொத்தம் 551 படி. லிஃப்ட் உண்டு என்று எழுதியிருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள், லிஃப்ட்டில் போன பிறகும் 320 படி பாக்கி இருக்கும். விட்டுவிட்டோம்.

திரேவி நீரூற்றுக்குக் காலை ஏழு மணிக்கு முன் போங்கள். மற்ற நேரத்தில் அந்தச் சின்னச் சதுக்கத்தில் தோளோடு தோள் இடிக்கும். தொட்டியருகே இறங்குவதற்கு ஒரே நேரத்தில் இத்தனை பேர்தான் என்று கட்டுப்பாடும் வைத்திருக்கிறார்கள். 1762-இல் முடிந்த நீரூற்று அது. அதில் விழும் தண்ணீரோ கிறிஸ்துவுக்கு முன் 19-இல் ரோமானியத் தளபதி அக்ரிப்பா கொண்டுவந்த கால்வாயின் வழித்தடத்தில் வருவது. மக்கள் போடும் காசைத் திரட்டி காரித்தாஸ் என்ற கத்தோலிக்கத் தொண்டு அமைப்புக்குக் கொடுக்கிறார்கள் என்று சொன்னதும் அம்மா இன்னொரு நாணயமும் போட்டார்.

பஸ்

மெட்ரோவைவிட பஸ்ஸே மேல். மெட்ரோவில் இறங்கி ஏறுவதிலேயே கால் ஓய்ந்துவிடும், லிஃப்ட் எல்லா நிலையத்திலும் இல்லை. பஸ் டிக்கெட் 1.50 யூரோ, 100 நிமிடம் செல்லும். ஏறியவுடன் இயந்திரத்தில் முத்திரை குத்த வேண்டும், இல்லாவிட்டால் டிக்கெட் இருந்தும் அபராதம். வங்கி அட்டையைத் தட்டியும் போகலாம், ஆனால் ஒரு அட்டைக்கு ஒரு ஆள்தான். அம்மாவுக்குத் தனி அட்டை கொடுத்துவிட்டேன். நிறுத்தத்தில் பஸ் வரும்போது கையைக் காட்டுங்கள், காட்டாவிட்டால் போய்விடும். கம்பத்தில் அந்த வழித்தடத்தின் எல்லா நிறுத்தங்களும் வரிசையாக எழுதியிருக்கும், நீங்கள் நிற்கும் இடத்தைக் கட்டம் கட்டியிருப்பார்கள். அதற்குக் கீழே உள்ள நிறுத்தங்களுக்குத்தான் பஸ் போகும். இது புரிந்துவிட்டால் தவறான பக்கம் நிற்க மாட்டீர்கள்.

தெர்மினிக்கும் வத்திக்கானுக்கும் இடையே ஓடும் 64-ஆம் எண் பஸ் பிக்பாக்கெட்டுக்குப் பேர்போனது. அதில் வந்தபோது என் தோள்பையின் ஜிப்பை யாரோ பாதி திறந்திருந்தார்கள். நான் கவனிக்கவில்லை, அம்மாதான் பார்த்து என் கையைப் பிடித்து இழுத்தார். ஒன்றும் போகவில்லை. அதற்குப் பிறகு பையை முன்பக்கம் மாட்டிக்கொண்டேன், பாஸ்போர்ட் அறையின் பெட்டகத்தில் இருந்தது. தேவைப்படும் நாளில் மட்டும் எடுத்தோம். 'ஷோப்பெரோ' என்று எங்கேயாவது எழுதியிருந்தால் வேலைநிறுத்தம் என்று பொருள். பெரும்பாலும் தேதியை முன்பே அறிவித்துவிடுவார்கள், அன்று நடக்கக்கூடிய தூரத்தில் திட்டமிடுங்கள்.

சாப்பாடு

அம்மா சுத்த சைவம். ரோமில் பட்டினி கிடக்க வேண்டியதில்லை, ஆனால் கேட்டுச் சாப்பிட வேண்டும். "சென்ட்சா கார்னே, சென்ட்சா பெஷே" என்று இரண்டு சொல் போதும், இறைச்சி இல்லாமல், மீன் இல்லாமல் என்று பொருள். மீனைத் தனியாகச் சொல்வது அவசியம். நெத்திலி போன்ற சின்ன மீனை அவர்கள் உப்பு மாதிரிப் பயன்படுத்துவார்கள். பூசணிப்பூவில் பாலாடைக்கட்டி (சீஸ்) வைத்துப் பொரிப்பதிலும், புந்தரெல்லே என்ற கீரைத்தண்டு சாலட்டிலும் அது ஒளிந்திருக்கும். பாஸ்தாவில் கார்போனாரா, அமத்ரிச்சியானா இரண்டிலும் பன்றிக் கன்னத்துக் கொழுப்பு. காச்சியோ எ பேபே பாஸ்தாவில் பாலாடைக்கட்டியும் மிளகும் மட்டும்தான். மிளகு வாசனைக்காகவே அம்மா மூன்று நாள் அதையே கேட்டார். ஆனால் அதில் சேரும் பெக்கொரீனோ பாலாடைக்கட்டியைச் செம்மறி ஆட்டுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னட் விட்டுத்தான் திரிய வைக்கிறார்கள். இது எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. சொன்னதும் அம்மா அதை நிறுத்திவிட்டார். அதையும் தவிர்க்கிறவர்களுக்கு மரினாரா பீட்சா இருக்கிறது, தக்காளி, பூண்டு, ஒரேகானோ, பாலாடைக்கட்டியே கிடையாது.

மதியத்துக்கு நறுக்கு பீட்சாக் கடைகள் நல்லவை. நீளத் தட்டில் இருப்பதைக் கத்தரிக்கோலால் வெட்டி எடை போட்டுத் தருவார்கள். எவ்வளவு வேண்டும் என்று கையால் காட்டினால் போதும். காபிக்கு, நின்று குடித்தால் ஒரு விலை, மேசையில் உட்கார்ந்தால் அதைப்போல இரண்டு மூன்று மடங்கு. விலைப் பலகையைப் பார்த்துவிட்டு உட்காருங்கள். நான் நின்று குடித்தேன், அம்மா உட்கார்ந்தார். நாற்காலிக்குக் கொடுத்த காசு என்று நினைத்துக்கொண்டால் மனம் உறுத்தாது. கழிப்பறைக்கும் அதே கடைதான் வழி, ஒரு காபி வாங்கினால் சாவி தருவார்கள். அருங்காட்சியகத்தை விட்டுக் கிளம்பும்போது தேவை இல்லாவிட்டாலும் போய்விட்டு வருவது நல்லது.

வலி மாத்திரை தீர்ந்துபோனால் பச்சைச் சிலுவை எரியும் கடை மருந்துக்கடை. பாராசிட்டமால் அங்கே தாக்கிப்பிரினா என்ற பெயரில் கிடைக்கும். அவசரத்துக்கு எண் 112.

கடைசி மாலை

நவம்பரில் போவதற்குக் கூட்டம் குறைவு என்பது ஒரு காரணம். இன்னொன்று எனக்குப் போன பிறகுதான் தெரிந்தது. கடைசி நாள் மாலை சாந்தா மரியா மஜ்ஜோரேவில் உட்கார்ந்திருந்தோம். ஐந்தாம் நூற்றாண்டு மொசைக் ஓவியங்கள் உள்ள பெரிய ஆலயம், 2025-இல் மறைந்த திருத்தந்தை பிரான்சிஸை அடக்கம் செய்ததும் அங்கேதான். வெளியே வந்து தெர்மினி பக்கம் மெதுவாக நடந்தோம். நிலையத்துக்கு எதிரே மரங்கள் இருக்கும் திடலில் ஆட்கள் மழை இல்லாமலே குடை பிடித்துப் போய்க்கொண்டிருந்தார்கள்.

மேலே பார்த்தால் ஸ்டார்லிங் பறவைகள். நம் மைனாவின் குடும்பம்தான். குளிர்காலத்துக்கு வடக்கிலிருந்து வந்து, பகலில் வெளியே வயல்களில் மேய்ந்துவிட்டு, இருட்டும் நேரம் ஊரின் வெதுவெதுப்புக்குத் திரும்புகின்றன. ஆயிரக்கணக்கில். ஒரு புகைபோலத் திரண்டு, நீண்டு, மடிந்து, மறுபடி பிரிந்தது கூட்டம். டைபர் கரை மரங்களிலும் இப்படி அடையும் என்றார் பக்கத்தில் நின்றவர். குடை எதற்கு என்பது ஒரு நிமிடத்தில் புரிந்தது. என் மடக்குக் குடையை விரித்தேன்.

உட்கார ஒரு கல்திண்டு கிடைத்தது. "நேரமாச்சும்மா, அறைக்குப் போகலாமா?" என்று கேட்டேன். அம்மா குடையைக் கொஞ்சம் பின்னால் சாய்த்துவிட்டு, வானத்தைப் பார்த்தபடியே, "இருடி, இன்னும் அடையல" என்றார்.